தஞ்சை வீதிகளும் கலைஞர் மனைகளும்

ஒரு நகரின் வரலாற்றை ஆராய்வோர் அதன் கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையுமே முதற்கண் நோக்குவர். அந்நகர மாந்தர் வாழ்ந்த மனைகளை நோக்குவோர் சிலரே. கோயில் கல்லால் ஆயது. மனையோ செங்கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆயது. ஆதலின் விரைவில் அழிவது. எனினும், தஞ்சை மாநகரைப் பொறுத்தவரை மனைகளும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் இராசராச சோழன், தான் எடுப்பித்த இராசராசேச்சரத்தில் பணிபுரியுமாறு, சோழநாட்டின் பல தளிகளிலிருந்து 400 பெண்டிரைக் கொணர்ந்து தஞ்சையில் குடியேற்றினான். ஏறத்தாழக் கி. பி. 1014-ஆம் ஆண்டைச் சார்ந்ததும் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் உள்ளதுமாகிய கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. இதனை அரசனது கொடைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவாரும், தளிப்பெண்டிர் முறையின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். ஆயின், இக்கல்வெட்டு அமைந்துள்ள முறையை நோக்கின், இஃது ஒரு தெருக் கணக்கே என்பது புலனாகும். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனச் சேரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தென்சிறகு, வடசிறகு என வீட்டு வரிசைகளைச் சுட்டி, தலைவீடு, இரண்டாம் வீடு என எண்ணி, அவ்வீட்டில் வாழ்ந்தாளின் பெயரையும் அவள் வந்த தளியையும் அது குறிக்கின்றது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் தலைவீட்டினள் திருவையாற்று உலோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை ஆவாள்.

ஒவ்வொரு பெண்டுக்கும் பங்கு ஒன்று. பங்காவது ஒரு வேலி நிலத்தின் வருவாயாகிய 100 கலம் நெல். நட்டுவஞ் செய்வார்க்குப் பங்கு இரண்டு. பங்குடையார் இறந்துபடினும் வேற்றிடம் செல்லினும் அவர்தம் அடுத்த முறைகடவார் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்தல் வேண்டும். அவர் தகுதியற்றாராயின், தகுதியுடையாரை அமர்த்துதல் வேண்டும். மனையும் நெல்லும் கலையும் ஒன்றோடொன்று பிணிக்கப்பட்டிருந்தன என்பதும், காவிரி வயலின் விளைவே ஆடலரங்கைத் தாங்கிற்று என்பதும் இதனால் அறியப்படும்.

அச்சேரிகளின் வீடுகள் இன்று இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி தோன்றியபின் நகரின் நடுவிடம் கோயிலினின்று அரண்மனைக்குப் பெயர்ந்தது. 1676 முதல் ஆண்ட மராட்டியர் காலத்தில் அரண்மனையை அடுத்த நான்கு பெருவீதிகளும் கலைஞர் உறைவிடமாயின. மேல வீதி ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும். அங்குள்ள பங்காரு காமாட்சியம்மன் கோயிலில் வழிபாடு இயற்றியவர் இசைப்பேரறிஞர் சியாமா சாத்திரியார் (1762–1827). அதே வீதியில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் இல்லமும் உள்ளது. இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) அவையில் விளங்கிய இந்நால்வரே, அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக இன்று வழங்கும் ஆடல்முறையை ஒழுங்குசெய்தவர் என்பர்.

நெற்பயன் கலைஞரோடு அமையவில்லை, வழிப்போக்கரையும் சார்ந்தது. அந்தணர் முதல் எளியோர் ஈறாக வருவார் அனைவர்க்கும் சோறும், சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியும் சத்திரங்களில் வழங்கப்பட்டமையைச் சரபோசி மன்னர் 1801-இல் கும்பினியார்க்கு எழுதிய மடல் விளக்குகின்றது. இன்று அவ்வீதிகளில் உள்ள உணவு விடுதிகளில் விலைக்குப் பெறும் சோறு, முன்னாளில் அறமாக அளிக்கப்பட்டதென்பது நினைவுகொள்ளத் தக்கது.

1855-இல் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி மறைய, கும்பினியார் அரசைக் கைக்கொண்டனர். அவை கலைந்தது. ஆயின் கலை அழிந்திலது. ஏன்? அவையில் அரங்கேறிய ஆடல் பயிலப்பட்ட இடம் மனையே ஆதலின் என்க. திண்ணையும் முற்றமும் கடந்த கூடத்தில், ஆசான் தட்டுக்கழி கொண்டு தாளமிட, மாணாக்கியர் அடவு பயின்றனர். அவை போயினும் கூடம் நின்றது. நால்வர் மரபினராகிய பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) கற்பித்த கல்வியே சென்னைக்கும் அதற்கு அப்பாலும் பரவிற்று. தஞ்சை ஓவியமும் இத்தகையதே. பலாப்பலகையில் துணி ஒட்டிச் சுண்ணக்கலவையால் புடைப்பமைத்துப் பொன்னேடு பதிக்கும் அத்தொழில், அரசர் ஆதரவு நீங்கியபின்னும் குடும்ப வழியாகவே தொடர்ந்து, 2007-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இனி நாம் செய்யற்பாலது யாது? ஓட்டு வீடுகள் நாள்தோறும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் கடைகளும் அடுக்குக் கட்டடங்களும் எழுகின்றன. ஒரு மனை வீழும்போது அதன் தூணும் கதவும் மட்டும் மறைவதில்லை. அங்குப் பயின்றார் யாவர், பயிற்றினார் யாவர், அவர்க்கு ஊதியம் எவ்வூர் வயலினின்று வந்தது என்னும் செய்திகளும் மறைகின்றன. மராட்டியர் கால மோடி ஆவணங்களின் தமிழாக்கம் 1989-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டுள்ளது. அதனைத் துணையாகக் கொண்டு, பழைய மனைப்பத்திரங்களையும் முதியோர் கூற்றுகளையும் ஒப்பிட்டு, வீதிக்கு வீதி, சிறகுக்குச் சிறகு, வீட்டுக்கு வீடு ஏடொன்று தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் மேல வீதியின் ஒரு சிறகை ஏற்றுக்கொள்ளினும் நன்றே. ஆயிரம் ஆண்டுகட்குமுன் கோயிற் கணக்கர் நெல் அளத்தற்பொருட்டுச் செய்த அப்பணியை, வரலாற்றின் பொருட்டு நாம் செய்தல் அரிதன்று, காலந்தாழ்ப்பின் அரிதாகும்.