வசம்பு எங்களுக்கு முன்னமே இங்கே வந்தது

போன கோடையில் ஒருநாள், சாப்பாட்டு நேரம் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள குளக்கரையில் இருந்தோம். கூட வேலை செய்யும் வயதான ஜேர்மன்காரர் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி முறித்து என் மூக்கடியில் பிடித்தார். "கல்முஸ்" என்றார். எனக்கு அம்மம்மாவின் கொட்டப்பெட்டிதான் மணத்தது. வசம்பு!

ஊரில் இதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றும் பெயர். விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவினம். வயிற்றுக்குத்து என்றால் ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவினம். கையில் வளையலாகவும் கட்டுவினம்.

இந்த ஆசியக் கிழங்கு ஐரோப்பாவுக்கு எப்படி வந்தது? 1574 அளவில் குளூசியஸ் என்ற தாவர அறிஞர், துருக்கிப் பக்கமிருந்து கிடைத்த கிழங்கை வியன்னாவில் நட்டுப் பிற தோட்டங்களுக்கும் கொடுத்தார். இங்குள்ள வசம்பு விதை போடாது. கிழங்கு முறிந்து போய் விழுந்த இடத்தில்தான் முளைக்கும். அப்படியே ஆறு குளமெல்லாம் பரவிவிட்டது. (எங்கட சனத்தைப் போலத்தான்!) இங்கத்தைய ஆட்கள் சீனிப்பாகில் போட்டு இனிப்பாகச் சாப்பிட்டார்கள், வயிற்றுக் கோளாறுக்குக் குடித்தார்கள், மதுவிலும் சேர்த்தார்கள்.

பிறகுதான் சிக்கல் தெரிய வந்தது. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் உண்டு. அதைத் தின்ற எலிகளின் குடலில் கட்டிகள் வந்ததால், 1968இல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. அமெரிக்காவில் இயற்கையாக வளரும் இனத்தில் அந்தப் பொருள் இல்லை. ஐரோப்பிய வசம்பில் ஓரளவு உண்டு. எங்கட நாட்டுப் பக்கத்து வசம்பில்தான் ஆகக் கூட. சுட்டால் எண்ணெயில் ஒரு பகுதி போகும், முழுக்கப் போகாது.

இது என் தங்கச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளின் முதல் பிள்ளைக்கு இரண்டு மாதம். இரவிரவாக அழுகிறான் என்று, ஊரிலிருந்து பார்சலில் வந்த வசம்பை உரைத்துக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டாள். பிள்ளை சத்தி எடுத்தபடி சோர்ந்து போனான். ஆஸ்பத்திரியில் "என்ன கொடுத்தீர்கள்?" என்று டொக்டர் கேட்க, பேசுவாரோ என்ற பயத்தில் அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் "கல்முஸ்" என்றேன். அதன் பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. இரண்டு நாளில் பிள்ளை தேறிவிட்டான்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஏட்டுச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் வைக்கும் பொடியில் வசம்பும் சேரும். தங்கச்சி வீட்டில் மிச்சமிருந்த துண்டு இப்போது புத்தக அலுமாரிக்குள், பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் கிடக்கிறது.