உடைஞ்ச சைட் கண்ணாடியும் மீரியபெத்தையும்

மீரியபெத்தைக்குப் போற வழியில, வளைவொன்றில் எங்க காரின் சைட் கண்ணாடி உடைஞ்சிருச்சு. காகிதத்தில் அளவெடுத்து, குவிவுக் கண்ணாடி வெட்டி வாங்கி, பழைய பசையைச் சுரண்டிட்டு நாங்களே ஒட்டினோம். தட்டைக் கண்ணாடி போட்டிருந்தா பின்னால் வருவது பாதிதான் தெரியும்.

1909இல் டொரதி லெவிட், காரோட்டும் பெண்கள் பின்னால் பார்க்கக் கைக்கண்ணாடி வச்சிருக்கணும்னு எழுதினார். 1911 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹரூன் அதைக் காரிலேயே பொருத்தி வென்றார். வருவது முன்கூட்டியே தெரிஞ்சா விலகலாம் என்பதுதான் நோக்கம்.

மீரியபெத்தைக்கும் தெரிஞ்சிருந்தது. 2005லும் 2011லும் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயன்களை மூடியது.

உடைஞ்ச கண்ணாடியை நாமே மாத்திக்கலாம். ஆனா லயத்தை விட்டு விலகிப் போக, நம்ம ஆட்களுக்குச் சொந்தமா ஒரு துண்டுக் காணி இருந்ததா?