எலும்பின் பட்டையும் ஐந்து நாட்களும்

எலிவேட்டர் எண்டவுடன் எங்களில் கனபேருக்குக் கொழும்புக் கட்டடங்களின் லிப்ட்தான் நினைவுக்கு வரும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே அது ஒரு சாண் அளவிலான உருக்குக் கருவி. ஒரு பக்கம் பிடி, மற்றப் பக்கம் மெல்லிய உளி போலவோ தட்டையான கரண்டி போலவோ ஒரு முனை. எலும்பில் ஒட்டியிருக்கும் சவ்வையும் அதோடு சேர்ந்த தசையையும் கிழிக்காமல் மேலே எழுப்புவதுதான் அதன் வேலை. கத்தி வெட்டும், வாள் அறுக்கும், இது எழுப்பும்.

வன்னியின் கடைசி யுத்தத்தில் நடந்த மருத்துவத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வெட்டியதைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை கால், எத்தனை கை, எதனால் வெட்டினார்கள். இந்தக் கட்டுரையில் வெட்டாத ஒரு கருவியைக் கையில் எடுத்து அதே வரலாற்றைப் பார்க்கிறோம். 2009இல் அந்தக் கடற்கரையில் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் கருவி இருந்தாலும் அது பயன்படுவதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்கள் அங்கே இருக்கவில்லை. எங்களுடைய கேள்வி அந்த நாட்களைப் பற்றியது.

மரத்துக்குப் பட்டை மாதிரி

எலும்பு வெறும் சுண்ணாம்புத் தடி இல்லை. மூட்டுப் பரப்புகளைத் தவிர்த்து மற்ற இடமெல்லாம் அதை ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. மருத்துவத்தில் பெரியோஸ்ட்டியம் என்பார்கள். இங்கே நாங்கள் என்புறை என்கிறோம். அதன் வெளிப்படை நார் போன்றது. உட்படையில் புது எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. எலும்பின் வெளிப்பகுதிக்கு இரத்தம் போவதும் இதன் வழியாகத்தான். எலும்பு முறிந்தால் பொருத்துவதற்கு முதல் ஆளாக வருவதும் இதுதான். சிறுபிள்ளைகளுக்கு என்புறை தடிப்பாக இருக்கும். பிள்ளைகளின் முறிவு கெதியாகப் பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வன்னியில் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்களுக்கு இது விளங்கும். பாலையோ முதிரையோ, அடிமரத்தில் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். இந்த ஒப்புமையை 1740களில் எழுதிவைத்தவர் பிரான்சின் துயமேல் து மோன்சோ. அவர் மருத்துவர் இல்லை, மரங்களைப் படித்தவர். மஞ்சிட்டி இனச் செடியின் வேரைத் தின்ற விலங்குகளின் எலும்பு சிவக்கிறது என்று இங்கிலாந்திலிருந்து வந்த செய்தியைக் கேட்டு, தானே விலங்குகளுக்கு அதை ஊட்டிப் பார்த்தார். புதிதாக வளர்ந்த எலும்பு மட்டும் சிவந்திருந்தது. என்புறைக்குக் கீழே வெள்ளிக் கம்பி வைத்துப் பார்த்தார். நாட்கள் போகப் போக அந்தக் கம்பி புது எலும்புக்குள் புதைந்திருந்தது. மரம் பட்டைக்குக் கீழே வளர்வது போல எலும்பும் தன் உறைக்குக் கீழே வளர்கிறது என்று அவர் முடிவுசெய்தார். அந்தச் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற சாயப்பொருள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் துணிக்குச் சாயம் போடத் தோண்டிய சாயவேரிலும் இருப்பது அதேதான்.

வெட்டுவதா, காப்பாற்றுவதா

துயமேலின் அறிவு சத்திரசிகிச்சை மேசைக்கு வர ஒரு நூற்றாண்டு எடுத்தது. அதைக் கொண்டுவந்தது யுத்தம்தான். துப்பாக்கிச் சூட்டில் எலும்பு நொருங்கிய கைகால்களை அந்தக் காலத்தில் அனேகமாக வெட்டித்தான் எடுப்பார்கள். விட்டுவைத்தால் சீழ் பிடித்து ஆள் முடிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். உடைந்த எலும்பை எடுத்துவிட்டு அதன் உறையை மட்டும் உள்ளே விட்டால், அது திரும்பவும் எலும்பைக் கட்டாதா?

பெர்லினில் லாங்கன்பெக், லியோனில் ஒலியே. லாங்கன்பெக் பல யுத்தங்களில் பிரஷ்யப் படையின் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர். பிளந்த அண்ணத்தை மூடுவதற்கு எலும்பிலிருந்து உறையோடு சேர்த்து அண்ணத்தை எழுப்பும் முறையை 1861இல் வெளியிட்டவரும் அவரே. ஒலியே முயல்களில் என்புறையை வெட்டி வேறிடத்தில் நட்டுப் பார்த்தார். நட்ட இடத்தில் எலும்பு முளைத்தது. 1867இல் அதை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். உறையைச் சேதப்படுத்தாமல் பிரிக்க இருவருக்கும் பொருத்தமான கருவி தேவைப்பட்டது. இருவர் பெயரிலும் எலிவேட்டர்கள் இன்றைக்கும் விற்பனையில் இருக்கின்றன. வெட்டாமல் காப்பாற்றுவதற்கென்று செய்த கருவி இது என்பதை மறக்கக்கூடாது.

அதே 1867இல் யாழ்ப்பாணத்தில் இன்னொரு புத்தகம் அச்சாகியது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலேயரான துறூவிற்றின் சத்திரசிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்று தமிழில் கொண்டுவந்தார். எலும்புச் சத்திரசிகிச்சை ஐரோப்பாவிலேயே உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் சத்திரசிகிச்சையைத் தமிழில் படிக்க முடிந்தது. இப்போது எங்கள் மருத்துவ மாணவர் ஒருவருக்கு இந்தக் கருவியின் பெயரைத் தமிழில் சொல்ல வராது. கிறீனோடு தொடங்கிய வேலை இடையில் நின்றுபோனதன் அடையாளம் அது.

சத்திரசிகிச்சை என்ற சொல்லே பழையது. சுசுருத சங்கிதை கருவிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கூரில்லாத யந்திரங்கள் 101, கூரான சத்திரங்கள் 20. எங்கள் சொல் கூரானதின் பெயரில் நிலைத்துவிட்டது. எலிவேட்டரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எலும்பிலிருந்து உறையைக் கிளப்பும் அளவுக்கு விளிம்பு வேண்டும், உறையைக் கிழிக்காத அளவுக்கு மொட்டையாகவும் இருக்கவேண்டும்.

பெயர்கள் பற்றி ஒன்று. லாங்கன்பெக், ஒலியே, பராபெஃப், கொப் என்று கருவிகளெல்லாம் மேற்கத்தைய மருத்துவர்களின் பெயரில் இருக்கின்றன. அடித்து, தீட்டி, மெருகேற்றியவர்களின் பெயர் எதிலும் இல்லை. இன்றைக்கு உலகச் சந்தைக்குப் போகும் சத்திரசிகிச்சைக் கருவிகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யப்படுகிறது. அங்கிருந்த அமெரிக்க மிஷன் வைத்தியசாலையின் கருவிகளைத் திருத்திக்கொடுத்த உள்ளூர்க் கொல்லர்களிடமிருந்து வளர்ந்த தொழில் அது.

ஷெல் உரிக்கும்போது

இந்தக் கருவியைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கத்தியால் என்புறையில் ஒரு கோடு. பிறகு எலிவேட்டரின் விளிம்பை எலும்போடு ஒட்டவைத்து, தசைநார் எலும்பில் சேரும் கோணத்தைப் பார்த்து மெதுவாகத் தள்ளவேண்டும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் முனை தசைக்குள் வழுக்கிப் போய்விடும். தேவையான அளவுக்குமேல் ஒரு துண்டும் எழுப்பக்கூடாது. உலோகத் தகடு வைப்பதற்காக எலும்பை நெடுகத் துப்புரவாக உரித்த காலம் ஒன்று இருந்தது. அப்படி உரித்த எலும்பு பொருந்தப் பிந்துகிறது என்று கண்டபின், கடந்த சில பத்தாண்டுகளாகக் குறைய உரிப்பதே நல்ல சத்திரசிகிச்சை எனப் படிப்பிக்கிறார்கள்.

ஷெல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. திறந்த எலும்பு முறிவுகளைத் தரம்பிரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் கஸ்டிலோவும் அண்டர்சனும் 1976இல் வெளியிட்டு, 1984இல் விரிவாக்கியது. அதில் மோசமான வகைகளில் ஒன்றான மூன்று-பி என்பதன் அடையாளமே என்புறை உரிந்து எலும்பு வெளியே தெரிவது. மில்லிமீற்றர் கணக்கில் ஒரு மருத்துவர் பார்த்துப் பார்த்துச் செய்வதை ஒரு ஷெல் துண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது. மிதிவெடியும் அப்படித்தான். தசையை எலும்பிலிருந்து பிரித்து, அந்த இடைவெளிக்குள் மண்ணையும் செருப்புத் துண்டையும் ஏற்றிவிடும். பட்டை போன மரத்தின் நிலைதான் அந்த எலும்புக்கும்.

ஐந்து நாட்கள்

இப்படிப்பட்ட காயத்துக்கு யுத்த சத்திரசிகிச்சையில் ஒரு விதி இருக்கிறது. முதல்நாள் செத்த தசையையும் அழுக்கையும் வெட்டி அகற்றிக் கழுவி, காயத்தைத் தைக்காமல் திறந்தே விடவேண்டும். நாலைந்து நாள் கழித்து, துப்புரவாக இருந்தால் மட்டும் மூடவேண்டும். உடனே தைத்தால் உள்ளே கிருமி பெருகி எல்லாம் வீணாகிவிடும். சொல்ல லேசான விதி. ஆனால் அந்த நாலைந்து நாளும் காயக்காரர் உயிரோடு இருக்கவேண்டும், வைத்தியசாலையும் அதே இடத்தில் இருக்கவேண்டும்.

2008 ஒக்டோபரில் கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரியில் உடையார்கட்டு, வள்ளிபுனம். பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் ஷெல் விழுந்தது. 4ஆம் திகதி அதையும் விட்டு வெளியேறினார்கள். பிறகு புதுமாத்தளன் பள்ளிக்கூடம். ஏப்ரல் 20க்குப் பிறகு முள்ளிவாய்க்கால். மே நடுப்பகுதியில் அதுவும் முடிந்தது. மருத்துவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோரும், பெயர் வெளியே வராத தாதிமாரும் தொண்டர்களும் அந்த ஒவ்வொரு இடத்திலும் மேசையைத் திரும்பப் போட்டார்கள்.

ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை அந்த மேசைகளைப் பற்றிச் சொல்கிறது. மயக்கமருந்து போதாமல் அவயவங்களை அகற்றியது, சத்திரசிகிச்சைக் கத்திக்குப் பதில் இறைச்சி வெட்டும் கத்தி, காயக்காரரின் சொந்த இரத்தத்தையே துணியால் வடித்து அவருக்குத் திரும்ப ஏற்றியது. உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருட்களும் போதிய அளவு உள்ளே போகாமல் அரசாங்கம் மறுத்தது என்றும், மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்தார்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

எலிவேட்டரைப் பிடித்து இதைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு காலைக் காப்பாற்றுவதற்குப் பல சத்திரசிகிச்சைகள், பல வாரங்கள், துப்புரவான தண்ணீர், திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கண் எல்லாம் வேண்டும். வெட்டுவதற்கு அரை மணித்தியாலம் போதும். அடுத்த ஷெல் எப்போது விழும் என்று தெரியாத இடத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் வெட்டத்தான் வேண்டிவரும். அதை மருத்துவர்களின் தெரிவு என்று சொல்ல எங்களால் முடியவில்லை. நாட்களைப் பறித்தவர்கள் செய்த தெரிவு அது.

அந்த நாட்கள் கிடைத்தவர்களும் இருந்தார்கள். பெப்ரவரி 10இலிருந்து மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக வெளியே எடுத்த காயக்காரரும் உறவினரும் கிட்டத்தட்ட 14,000 பேர். அந்தக் கப்பல்கள் கொண்டுபோனது அந்த ஐந்து நாட்களைத்தான்.

எலும்பு நிற்காமல் வளரும்

யுத்தம் முடிந்தபின் உதவி வராமலில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மெனிக் பாமுக்கு அருகே வைத்தியசாலை நடத்தியது. பம்பைமடுவில் முள்ளந்தண்டு காயக்காரருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை நடந்தது. 2010இல் இந்தியா நடத்திய முகாமில் 1,400 பேரளவில் ஜெய்ப்பூர்க் கால் பெற்றார்கள்.

ஆனால் செயற்கைக் கால் பொருந்துவது, மிஞ்சிய காலின் நுனி எப்படி முடிந்திருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. வெட்டும்போது என்புறையைப் பிய்ந்தபடி விட்டால் நுனியில் முள் மாதிரி எலும்பு முளைக்கலாம். முதலாம் உலகப்போரில் கால் இழந்தவர்களுக்காக ஹங்கேரியரான யானொஷ் எர்ட்ல், என்புறையை எழுப்பி இரு கீழ்க்கால் எலும்புகளையும் பாலம்போல இணைக்கும் முறையையே உருவாக்கினார். காலின் நுனிக்கு அந்தளவு கவனம் தேவை. பிள்ளைகளுக்கு இன்னும் கூட. வளர்கிற பிள்ளையின் வெட்டிய எலும்பு தோலைவிட வேகமாக நீண்டு நுனியைக் குத்தும். வளர்ச்சி முடியும்வரை திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை வேண்டிவரலாம். 2009இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு வளர்ச்சி முடியும்போது 2020 ஆகியிருக்கும்.

"உடம்புக்குள்ள இன்னும் பீஸ் கிடக்கு" என்பது வன்னியில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. அப்படிச் சொல்பவரிடம் 2009இல் என்ன சத்திரசிகிச்சை நடந்தது, எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று எழுதிய துண்டு எதுவும் அனேகமாக இருக்காது. இன்றைக்கு அவரைப் பார்க்கிற மருத்துவர் ஒன்றும் தெரியாமல்தான் தொடங்கவேண்டும். நினைவுகூரலுக்கு வருடத்தில் ஒரு நாள் ஒதுக்குகிறோம். அதைப்போல, எங்கள் ஊரில் கால் குத்துகிறவர், நடக்க நடக்க நுனி புண்ணாகிறவர், கிளினிக் போக பஸ் காசு இல்லாதவர் யார் யார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடு கூடப்போக ஒரு ஆளை ஒழுங்குபண்ணலாம். 2009இல் கிடைக்காத நாட்களில் கொஞ்சத்தையாவது இப்போது கொடுக்கலாம்.