மீற்றர் சொன்ன பொய்யும் 1896ஆம் ஆண்டுச் சட்டமும்

கல்முனையில் எனக்கு நெடுநாள் நண்பர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பழைய ஜப்பானிய வேனை வாகன விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினார். "காக்கா, மீற்றரைப் பாருங்க, ஓடாத வண்டி" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இரண்டாம் மாதம் கியர்ப்பெட்டி உடைந்தது. கராஜில் கழற்றிப் பார்த்த பின்னர்தான் மீற்றர் பின்னோக்கிச் சுற்றப்பட்டிருப்பதும், எஞ்சின் ஒருமுறை பிரித்துப் பூட்டப்பட்டிருப்பதும் தெரியவந்தன. விற்றவரின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை.

"இதற்கு நாட்டில் சட்டம் இல்லையா?" என்று கேட்டார். சட்டம் இருக்கிறது. ஆனால் அது வந்த வழி விசித்திரமானது.

பண்டைய உரோமாபுரியில் சந்தைகளைக் கண்காணித்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்களுக்கு ஒரு கட்டளை பிறப்பித்திருந்தனர். விற்கப்படுவதன் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், வாங்கியவர் ஆறு மாதங்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கும்படி கேட்கலாம். "எனக்கே தெரியாது" என்று விற்றவர் சொல்லித் தப்ப முடியாது. மனிதரை மாட்டோடு சேர்த்து விற்ற ஒரு சமூகம், வாங்குபவனின் பணத்தைப் பற்றி மட்டும் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது!

இந்த விதி உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அச்சட்டத்தைத் தொடர அனுமதித்தனர்.

கல்முனை மக்களுக்கு இது அந்நியமான சிந்தனையுமன்று. தானியக் குவியலுக்குள் நபிகளார் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி, நெல் விளையும் இக்கரையோரத்துப் பள்ளிவாசல்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறை கண்ட பொருளைத் திருப்பித்தரும் உரிமைக்கு இஸ்லாமியச் சட்டவியலில் தனிப் பெயரே உண்டு. ஆனால் இலங்கை முஸ்லிம்களின் தனியார் சட்டம் திருமணம், வாரிசுரிமை போன்ற விடயங்களோடு நின்றுவிட்டது. வணிகத்துக்கு எல்லோருக்கும் பொதுவான சட்டமே.

அந்தப் பொதுச் சட்டத்தில்தான் 1896இல் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் பின்பற்றி, 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அசையும் பொருள்களின் விற்பனை உரோமன் டச்சுச் சட்டத்தின் பிடியிலிருந்து விலகி ஆங்கிலேய முறைக்குள் சென்றது. காணியும் வீடும் பழைய சட்டத்திலேயே தங்கிவிட்டன. ஆகவே சாய்ந்தமருதில் மறைவான குறையுள்ள வீட்டை வாங்கியவர் இன்றும் உரோமாபுரிச் சந்தையின் பாதுகாப்பைக் கோரலாம். வேன் வாங்கியவர் கோர முடியாது!

ஆங்கிலேய முறையின் அடிப்படை, வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்பது. விதிவிலக்குகள் உண்டு. விற்பவர் அந்தப் பொருளில் வியாபாரம் செய்பவராக இருந்து, வாங்குபவர் தமது தேவையைச் சொல்லி அவரது அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அயலவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்குமுன் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றி வணிகத் தரத்தின் பேரில் பின்னர் முறையிடவும் இயலாது.

இலங்கையின் கட்டளைச் சட்டம் தான் பேசாத இடங்களில் ஆங்கிலேய விதிகளையே நாடச் சொல்வதால், இலண்டன் தீர்ப்புகளுக்கும் இங்கே வேலையுண்டு. 1965இல் அங்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு பழைய கார்கள் பற்றிய வழக்குகள் தீர்க்கப்பட்டன. ஒன்று ஜகுவார். அதன் கிளச்சில் சிறு வேலை இருப்பதாக விற்றவர் சொல்லியிருந்தார். செலவு எதிர்பார்த்ததை விட அதிகமானது. பழைய காரில் இப்படி நேர்வது இயல்பே என்று கூறி வாங்கியவரைத் தோற்கடித்தார்கள். மற்றது பென்ட்லி. எஞ்சின் மாற்றிய பின் 20,000 மைல்களே ஓடியது என்று விற்பனையாளர் கூறினார். உண்மையில் ஏறத்தாழ 100,000 மைல்கள். அந்த வார்த்தையையே உத்தரவாதமாகக் கொண்டு நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. நண்பருடைய வேன் இந்த இரண்டாவது வகை. கியர்ப்பெட்டி உடைந்ததை விட, மீற்றரைக் காட்டிச் சொன்ன சொல்லே அவருக்குப் பலமானது.

இங்கிலாந்து பிற்காலத்தில் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது; 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே 30 நாட்களுக்குள் குறையுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கலாம். நாம் 1896ஐ வைத்துக்கொண்டு மேலே ஒட்டுப் போட்டிருக்கிறோம். அவற்றுள் பயனுள்ளது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். ஏமாற்றும் வகையில் நடப்பதும் பொய்யான விளம்பலும் அதன்படி குற்றம். உத்தரவாதத்துக்கு மாறான பொருளுக்கு இழப்பீடோ, மாற்றுப் பொருளோ, பணத்தைத் திருப்பித் தருவதோ என அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையும் உண்மையை நேர்மையின்றி மறைப்பதை வஞ்சனை என்றே கருதுகிறது. பொலிஸில் முறையிட அது இடம் தருகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகள் பொன் விலைக்குப் போயின. "ஓப்பன் பேப்பர்" என்ற வழக்கமும் இருக்கிறதே: பதிவுப் புத்தகம் யாரோ ஒருவர் பெயரில், விற்பவர் வேறொருவர், ரசீதில் கையொப்பம் இன்னொருவர். யாரிடம் வாங்கினோம் என்பதை நிரூபிப்பதே முதல் வழக்காகிவிடும்.

நண்பர் என்னிடம் கேட்டது ஐந்தாம் மாதம். "நாளைக்கு வாங்க, பார்ப்போம்" என்று அவர்கள் இழுத்தடித்ததில் மூன்று மாதங்கள் கரைந்துபோயிருந்தன. மாவட்ட நீதிமன்றமே எஞ்சியிருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள், வாய்மொழிக்கு மூன்று. அவரிடமிருந்தது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டு ரசீது.

வேறு எழுத்து ஏதும் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். வாங்குமுன் விற்பனையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பிய மீற்றரின் படம் இருந்தது. அதன் கீழே "ஒறிஜினல் மைலேஜ்" என்று இரண்டு சொற்கள். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. அந்தப் படத்தை அழித்துவிடாமல் சட்டத்தரணியிடம் காட்டும்படி சொல்லிவிட்டு வந்தேன்.