சுங்கை சிப்புட்டும் சாமிவேலுவும்: ஒன்பது தேர்தல்களின் வரலாறு

மலேசிய இந்தியர் அரசியலில் ஒரு தொகுதியின் பெயரும் ஒரு தலைவரின் பெயரும் பிரிக்க முடியாமல் சேர்ந்திருந்தன என்றால் அது சுங்கை சிப்புட்டும் துன் ச.சாமிவேலுவும்தான். 1974 முதல் 2008 வரை அவர் அங்கு ஒன்பது முறை போட்டியிட்டார். எட்டு முறை வென்றார். ஒன்பதாவது முறை தோற்றார். இந்த ஒன்பது தேர்தல்களுக்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலமும், மஇகா ஒரே தலைவரின் கீழ் இயங்கிய 31 ஆண்டுகளில் பெரும்பகுதியும், இண்ட்ராப் பேரணியும் அடங்கிவிடுகின்றன.

அவருடைய அரசியல் பயணத்தையும் தேர்தல் வரலாற்றையும் இளைய வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தொகுதியின் பின்னணி

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் மாவட்டத்தில் அமைந்துள்ளது சுங்கை சிப்புட். எல்பில் போன்ற ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். லிந்தாங், ஜாலோங் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகள் இந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகின்றன.

சாமிவேலுவுக்கு முன்பே இது மஇகாவின் கோட்டை. மஇகாவின் ஐந்தாவது தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் இந்த ஊரிலேயே பிறந்தவர். 1959, 1964, 1969 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் சுங்கை சிப்புட்டில் நின்று வென்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் மாதாமாதம் 10 வெள்ளி திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையும் அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி.

வாக்காளர் அமைப்பையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. சுங்கை சிப்புட்டிலும் இந்திய வாக்குகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் என எல்லாரும் கலந்து வாழும் தொகுதி இது. எனவே மஇகா வேட்பாளர் ஒருவர் இங்கு வெல்ல வேண்டுமானால் அம்னோ, மசீச கட்சிகளின் தேர்தல் இயந்திரமும் அவருக்காக இயங்க வேண்டும். எட்டு வெற்றிகளுக்கும் ஒரு தோல்விக்கும் இதுவே அடிப்படை.

குளுவாங்கிலிருந்து பத்துமலைக்கு

சாமிவேலு 1936 மார்ச் 8இல் ஜொகூர், குளுவாங்கில் ரப்பர் பால்மரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பேருந்து நடத்துநர், அலுவலகப் பையன், வரைபடக்காரர் எனப் பல வேலைகள் பார்த்தார். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தார். பின்னர் கட்டடக்கலை பயின்று அத்துறையில் தொழில் செய்தார்.

1959இல் மஇகாவில் சேர்ந்தார். பத்துமலை கிளையிலிருந்து தொடங்கிய கட்சிப் பணி, உதவித்தலைவர் பதவி வரை அவரை உயர்த்தியது. மேடைப் பேச்சில் வல்லவர் என்ற பெயர் அந்தக் காலத்திலேயே அவருக்கு இருந்தது.

1973இல் சம்பந்தன் கட்சித் தலைமையிலிருந்து விலக, டான்ஸ்ரீ வெ.மாணிக்கவாசகம் தலைவரானார். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் சம்பந்தன் போட்டியிடவில்லை. அவர் விட்டுச் சென்ற தொகுதியில் 38 வயது சாமிவேலு நிறுத்தப்பட்டார். 1974 ஆகஸ்ட்டில் வென்று முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றார்.

26 வாக்குகளில் மாறிய வரலாறு

அவருடைய அரசியல் வாழ்வின் திருப்புமுனை பொதுத்தேர்தலில் வரவில்லை, கட்சித் தேர்தலில் வந்தது. 1977இல் மஇகா தேசியத் துணைத்தலைவர் பதவிக்கு அவரும் எஸ்.சுப்ரமணியமும் மோதினர். தலைவர் மாணிக்கவாசகத்தின் ஆதரவு சுப்ரமணியத்துக்கே இருந்ததாகப் பேசப்பட்ட போட்டி அது. சாமிவேலு 26 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

1978 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட்டை மீண்டும் வென்ற அவர், வீடமைப்பு, ஊராட்சித் துறை துணையமைச்சரானார். 1979 அக்டோபர் 12இல் மாணிக்கவாசகம் திடீரெனக் காலமானார். துணைத்தலைவராக இருந்ததால் இடைக்காலத் தலைவர் பொறுப்பு சாமிவேலுவிடம் வந்தது. அமைச்சரவையில் இடமும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 43. அந்த 26 வாக்குகள் மறுபக்கம் விழுந்திருந்தால் மஇகாவின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

தோற்ற சுப்ரமணியம் பின்னர் துணைத்தலைவராகி, 2006 வரை அப்பதவியில் நீடித்தார். 1989இல் தலைவர் பதவிக்கே சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றார். 2006இல் ஜி.பழனிவேலிடம் துணைத்தலைவர் பதவியையும் இழந்தார். கட்சிக் கிளைகள் 'சாமிவேலு அணி', 'சுப்ரா அணி' எனப் பிரிந்து நின்ற காலத்தைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். 1988இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.பண்டிதன் 1990இல் ஐபிஎப் கட்சியைத் தொடங்கியதும் இந்த உட்பூசல்களின் தொடர்ச்சியே.

அமைச்சராக 29 ஆண்டுகள்

1979 முதல் 2008 வரை ஹுசேன் ஓன், மகாதீர், அப்துல்லா படாவி ஆகிய மூன்று பிரதமர்களின் கீழ் அவர் அமைச்சராக இருந்தார். அந்தக் காலம் முழுவதும் அமைச்சரவையில் இருந்த ஒரே இந்திய முழு அமைச்சர் அவர்தான்.

1989 வரை பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தது. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டதும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கான குத்தகை 1988இல் கையெழுத்தானதும் இக்காலத்தில்தான். 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறை அமைச்சராக இருந்தார். தெனாகா நேஷனல் நிறுவனமயமானது 1990இல். 1995இல் மீண்டும் பொதுப்பணித் துறைக்கே திரும்பினார்.

சாலைகள் அவருக்குப் பெயர் தந்தன. டோல் கட்டணம் அந்தப் பெயரைக் குறைத்தது. 2007 ஜனவரியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில நெடுஞ்சாலைகளில் கட்டணம் உயர்ந்தபோது அதை அறிவித்த அமைச்சர் என்ற முறையில் எல்லா இனத்தவரின் கோபமும் அவர்மீதே திரும்பியது.

சமுதாயக் கணக்கு: வரவும் செலவும்

கல்வித் துறையில் அவர் விட்டுச் சென்ற அடையாளம் தெளிவானது. 1984இல் மஇகாவின் கல்விப் பிரிவாக எம்ஐஇடி தொடங்கப்பட்டது. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதன் கல்விக் கடனுதவியால் மேற்படிப்பு படித்தனர். சிரம்பானில் டேஃப் கல்லூரியும், கெடா மாநிலம் பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அதன் வழி உருவாயின.

மறுபக்கம் மைக்கா. 1980களின் தொடக்கத்தில் இந்தியர்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்தும் நோக்கில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. 66,000 பேர் வரை பங்கு வாங்கினர். திரண்ட தொகை 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். வங்கிக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பணம் போட்ட தோட்டத் தொழிலாளர்கள் பலர். எதிர்பார்த்த லாபம் வரவில்லை. 1990இல் மைக்காவுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் 10 லட்சம் மட்டுமே அந்நிறுவனத்துக்கு வந்தது, எஞ்சியவை வேறு நிறுவனங்களுக்குச் சென்றன என்ற விவகாரம் பெரும் புயலைக் கிளப்பியது. சாமிவேலு தவறு எதுவும் நடக்கவில்லை என மறுத்தார். ஊழல் தடுப்பு அமைப்பு விசாரித்தது. அவர்மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆனால் பங்குதாரர்களின் மனக்குறை ஆறவில்லை. 2010இல்தான் ஒரு பங்குக்கு 80 சென் தந்து வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. ஒரு ரிங்கிட் போட்டவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து 80 சென்.

இதே காலத்தில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்து வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்குகளிலும் அடுக்குமாடி மலிவு வீடுகளிலும் குடியேறின. தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பின்னால் நின்றுவிட்டன. இந்தப் பெயர்வுக்கு அரசாங்கத்தில் இருந்த ஒரே இந்திய அமைச்சர் என்ன செய்தார் என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உரத்தது.

மருத்துவர் வந்த தேர்தல்

1999இல் சுங்கை சிப்புட்டில் புதிய எதிர்ப்பாளர் ஒருவர் களமிறங்கினார். அரசாங்க மருத்துவமனையில் நெஞ்சக நோய் நிபுணராகப் பணியாற்றிய டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ். அலைகள் எனும் அமைப்பின் வழி அப்பகுதித் தோட்ட மக்களிடையே பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர் என்றாலும் அக்கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்கவில்லை. எனவே ஜசெக சின்னத்தில் நின்றார்.

சாமிவேலு 17,480 வாக்குகளும் ஜெயகுமார் 12,221 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 5,259. அன்வார் கைதுக்குப் பிந்தைய அந்தத் தேர்தலில் பலருக்கும் பெரும்பான்மை சரிந்தது என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2004இல் அப்துல்லா படாவி அலை வீசியது. மஇகா போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளையும் 19 சட்டமன்றத் தொகுதிகளையும் முழுமையாக வென்றது. சாமிவேலுவின் பெரும்பான்மை பத்தாயிரத்தைத் தாண்டியது. கட்சியின் உச்ச வெற்றி அது. அடுத்த நான்கே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது.

2008 மார்ச் 8

2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25இல் இண்ட்ராப் அழைப்பில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் பாய்ந்தன. டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதாயினர். மஇகாவும் அதன் தலைவரும் மக்கள் பக்கம் நிற்கவில்லை என்ற சினம் தோட்டத்திலும் தாமானிலும் ஒன்றுபோல் பரவியது.

பொதுத்தேர்தல் நாள் மார்ச் 8 என அறிவிக்கப்பட்டது. அன்று சாமிவேலுவின் 72ஆவது பிறந்தநாள். எதிரே மூன்றாவது முறையாக ஜெயகுமார், இம்முறை பிகேஆர் சின்னத்தில்.

முடிவு: ஜெயகுமார் 16,458, சாமிவேலு 14,637. பெரும்பான்மை 1,821.

அதே நாளில் லிந்தாங் சட்டமன்றத் தொகுதியை அம்னோ தக்கவைத்தது. ஜாலோங்கை ஜசெக வென்றது. இந்திய, சீன வாக்குகள் ஒருசேர நகர்ந்தபோது ஒரு பக்கத்து ஆதரவு மட்டும் போதவில்லை. முன்பு சொன்ன வாக்காளர் அமைப்பு இங்கே கணக்கைத் தீர்த்தது. நாடு முழுவதும் மஇகாவுக்கு மிஞ்சியது 3 நாடாளுமன்றத் தொகுதிகள்: தாப்பா, சிகாமட், கேமரன்மலை.

தோல்விக்குப் பின்

தோற்ற பின்னரும் அவர் உடனே விலகவில்லை. 2009 கட்சித் தேர்தலில் போட்டியின்றித் தலைவரானார். 2010 டிசம்பர் 6இல் பொறுப்பைப் பழனிவேலிடம் ஒப்படைத்தார். பின்னர் இந்தியா, தெற்காசியாவுக்கான அடிப்படை வசதித் துறை சிறப்புத் தூதராக அமைச்சர் தகுதியில் பணியாற்றினார். 2022 செப்டம்பர் 15இல் தமது 86ஆவது வயதில் காலமானார்.

ஆதரித்தவர்கள் அவரைச் சமுதாயத்தின் குரல் என்றனர். எதிர்த்தவர்கள், ஒரு சமுதாயத்தின் குரல் ஒரே மனிதரிடம் முப்பது ஆண்டு தங்கிவிட்டதே குறை என்றனர். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் தமிழ்ப்பள்ளிக்கு நிலம், கோயிலுக்கு மானியம், பிள்ளைக்குக் கல்விக்கடன் என எது வேண்டுமானாலும் மக்கள் தட்டிய கதவு அவருடையதுதான்.

அவருக்குப் பின் சுங்கை சிப்புட்

2008க்குப் பிறகு மஇகா இத்தொகுதியை மீட்கவில்லை.

2013: ஜெயகுமார் (பிகேஆர் சின்னம்) 21,593, எஸ்.கே.தேவமணி (மஇகா) 18,800. பெரும்பான்மை 2,793.

2018: எஸ்.கேசவன் (பிகேஆர்) 20,817, தேவமணி 15,210. பெரும்பான்மை 5,607. சோசலிசக் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்ற ஜெயகுமார் வைப்புத்தொகையை இழந்தார்.

2022: கேசவன் 21,637, மஇகா தலைவர் எஸ்.ஏ.விக்னேஸ்வரன் 19,791. பெரும்பான்மை 1,846.

பத்தாண்டு தொகுதிக்காக உழைத்த மருத்துவருக்கும் கூட்டணிச் சின்னம் இல்லாதபோது வைப்புத்தொகை மிஞ்சவில்லை. மஇகா தலைவரே நேரில் நின்றும் 1,846 வாக்குகள் குறைந்தன. சம்பந்தன் காலத்திலிருந்து இன்றுவரை இங்கு இந்தியர் ஒருவரே நாடாளுமன்றம் செல்கிறார். ஆனால் அவர் யார் என்பதை மற்ற இனத்தவரின் வாக்குகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அடுத்த பொதுத்தேர்தலில் எந்தக் கட்சி எந்தக் கூட்டணியில் நிற்கும் என்ற பேச்சு எழும்போது, சுங்கை சிப்புட் வாக்காளர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.