வாரக்கடைசிச் சிப்பாயின் கல்லூரிப் பணம்

மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி, ஆண்டுக்கு இரண்டு வாரம் சீருடை மாட்டிக்கொண்டால், மற்ற நாட்களில் கல்லூரிக்குப் போக அமெரிக்க அரசு பணம் தருகிறது. ஆள் பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு இது.

வியட்நாம் போரின்போது அமெரிக்காவின் பகுதிநேரப் படையான தேசியக் காவல் படையில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஜனாதிபதி ஜான்சன் பகுதிநேரப் படைகளைப் பெரிய அளவில் போருக்கு அழைக்கவில்லை. கட்டாய ராணுவச் சேவைக்கு அஞ்சிய இளைஞர்கள் அங்கே போய் ஒதுங்கினார்கள். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு சீக்கிரம் திறந்ததாகவும் பேச்சு உண்டு. 1973-இல் கட்டாயச் சேர்ப்பு முடிந்தது. மழையே நின்றபின் தாழ்வாரத்தில் யார் நிற்பார்கள்?

படைவீரரைப் படிக்கவைக்கும் சட்டம் 1944-லேயே வந்துவிட்டது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், தனியாளுக்குக் கைச்செலவுக்கு மாதம் 50 டாலர். சுமார் 22 லட்சம் பேர் அதில் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஆனால் அது போர் முடிந்து திரும்பியவர்களுக்கான சன்மானம். அதன் வழிவந்த சட்டமும் 1976-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்றானது. பதிலுக்கு வந்த திட்டத்தில் சிப்பாய் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்ட வேண்டும், அரசு அதைப்போல் இரண்டு பங்கு போடும். அதற்கு மயங்கி யாரும் ஓடிவரவில்லை. 1979-இல் நான்கு படைகளும் ஆள்சேர்ப்பு இலக்கைத் தவறவிட்டன.

இங்கேதான் மிசிசிப்பி மாநிலத்தின் சோனி மாண்ட்கோமரி வருகிறார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர், முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவின் தலைவர். அதைவிட முக்கியம், அவரே தேசியக் காவல் படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர். வாரக்கடைசிச் சிப்பாயை மறக்காத கல்வி உதவித் திட்டம் அவர் கையிலிருந்து வந்ததில் வியப்பில்லை. 1984-இல் நிறைவேறி, 1985 ஜூலை 1 முதல் சோதனையாக நடந்தது. 1987-இல் நிரந்தரமாகி அவர் பெயரையே பெற்றது.

முழுநேரச் சிப்பாய் 12 மாதம், மாதம் 100 டாலர் விட்டுக்கொடுக்க வேண்டும். பகுதிநேரச் சிப்பாய் ஒரு காசும் கட்ட வேண்டாம். 6 ஆண்டுக்குக் கையெழுத்திட்டு அடிப்படைப் பயிற்சியை முடித்தால், முழுநேரப் படிப்புக்கு அன்று மாதம் 140 டாலர், 36 மாதம் வரை. கெட்டிக்காரத்தனம் இன்னொன்றில் இருக்கிறது. முழுநேரச் சிப்பாய் பெரும்பாலும் படையை விட்டு வந்துதான் படிப்பான், அதனால் இந்தச் சலுகையே அனுபவசாலிகளை வெளியே இழுத்துவிடும் என்று சிலர் எதிர்த்தார்கள். பகுதிநேரச் சிப்பாயோ படையில் இருந்துகொண்டே படிக்கிறான். பயிற்சிக்கு வராமல் நழுவினால் பணமும் நின்றுவிடும்.

2003-இல் இராக் போர் வந்ததும் கணக்கு மாறியது. படிப்புச் செலவுக்காகச் சேர்ந்த பலர் பருவத்தின் நடுவிலேயே வகுப்பைவிட்டுப் போர்முனைக்குப் போனார்கள். 2004-இல் வந்த புதிய சட்டம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 90 நாளாவது போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு முழுநேரச் சிப்பாயின் சலுகையில் ஒரு பங்கைத் தந்தது. அழைப்பு வராதவர்களுக்கு அந்தப் பழைய 6 ஆண்டு ஒப்பந்தமே இன்றும் நடக்கிறது, தொகை மட்டும் கூடியிருக்கிறது.