தாய்மொழி எது என்று கேட்குமுன்

களப்பணிக்குச் செல்லும் மாணவர் சிறுவர்களிடம் தாய்மொழி எது என்று கேட்பது வழக்கம். எளிய கேள்விதானே என்று தோன்றும். திருத்தணியின் வரலாறோ வேறு பாடம் கூறுகிறது.

சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுடன் போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் எல்லைப் போராட்டம் நடத்தினர். நடுவராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாக்கினார். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது.

ஆக, மக்கள் சொன்ன மொழியைக் கொண்டே எல்லைக்கோடு வரையப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீடுகளில் ஒரே மொழியைச் சொல்லும்படி வற்புறுத்துவது பழைய வழக்கைக் கிளறுவதாகும். எனவே வினாத்தாளை இரு மொழிகளிலும் ஆயத்தம் செய்து, பல மொழி கூறுவோர்க்கும் இடம்விட்டு, விடை எதற்குப் பயன்படும் என்பதை முன்னதாகவே விளக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் ஆய்வு நெறிகளை வெளியிட்டது. அதன் 2017ஆம் ஆண்டு நெறிகளின்படி, பெற்றோர் சம்மதத்துடன் 7 வயது நிரம்பிய குழந்தையின் இசைவும் தேவை. மருத்துவ ஆய்வுக்கு வகுத்த இவ்விதி மொழி ஆய்வுக்கும் ஏற்றதே. குழந்தை தலையசைத்து மறுத்தால், ஏட்டை மூடிவிட வேண்டும்.